துணைக்கு வருகிறவர் யாருக்குப் பதில் சொல்வார்?



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரின் புகழைப் பேசிவிட்டுக் கலைவது நம் அரங்கின் வழக்கமல்ல. அவர் விட்டுச்சென்ற வேலைகளில் ஒன்றை எடுத்து நடுவில் வைத்துப் பேசுவதுதான் வழக்கம். இந்த ஆண்டு நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளியை எடுத்திருக்கிறோம். நலிந்து கிடக்கும் இந்தப் பள்ளிகளைத் தூக்கி நிறுத்த உதவுகிறோம் என்று இன்று பல நிறுவனங்கள் கதவைத் தட்டுகின்றன. தொண்டு நிறுவனங்கள், கம்பெனி அறக்கட்டளைகள், முன்னாள் மாணவர் சங்கங்கள், ஆன்மிக அமைப்புகள் என்று பட்டியல் நீளம். அவர்களை உள்ளே விடலாமா, விட்டால் எந்த நிபந்தனையில் விடுவது என்பதுதான் இன்றைய பேச்சு.

தத்து என்ற சொல்

2025 புத்தாண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் ஒரு சர்ச்சை எழுந்ததை நினைவில் வைத்திருப்பீர்கள். 500 அரசுப் பள்ளிகளைத் தனியார் பள்ளிகள் தத்தெடுக்கப் போகின்றன என்று செய்தி வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும், யாருக்கும் எதையும் தத்துக் கொடுக்கவில்லை என்று அமைச்சர் மறுத்தார். சர்ச்சை சில நாட்களில் அடங்கியது. ஆனால் அந்தச் சொல் அடங்கவில்லை. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளிலும் பள்ளிச் சுவர்களிலும் இன்றும் அது இருக்கிறது.

தத்து யாரைக் கொடுப்பார்கள்? தாய் தகப்பன் இல்லாத பிள்ளையை, அல்லது வளர்க்க வழியில்லாதவர்களின் பிள்ளையை. அரசுப் பள்ளி அநாதையா? அதைப் பெற்றவர் அரசு. சோறு போட்டு வளர்ப்பது நம் வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும் கூலித் தொழிலாளியும் வரி கட்டுகிறார். தத்து என்று சொன்ன உடனே பெற்றவரின் கடமை மறைந்துவிடுகிறது, எடுத்தவரின் கருணை முன்னே வந்து நிற்கிறது. நம்முடைய முதல் எதிர்ப்பு அந்தச் சொல்லுக்குத்தான்.

உதவிக்கு நாம் எதிரிகளா? இல்லை. மேடையில் நின்றுகொண்டு வெளியார் யாரும் வேண்டாம் என்று முழங்குவது எளிது. தன் மகள் ஐந்தாம் வகுப்பு முடித்தும் தமிழில் ஒரு பத்தி வாசிக்கத் தடுமாறுகிறாள் என்று பார்க்கும் தாய்க்கு அந்த முழக்கம் ஒன்றும் தராது. அவருக்கு வேண்டியது நாளைக் காலை வகுப்பில் ஓர் ஆசிரியர்.

ஆதிதிராவிடர் நலத்துறையின் கீழ் உள்ள பள்ளிகளாக அண்மை ஆண்டுகளில் சொல்லப்பட்ட கணக்கு 1,138. அதில் 833 தொடக்கப் பள்ளிகள், 99 நடுநிலை, 108 உயர்நிலை, 98 மேல்நிலை. 2023 நிதிநிலை அறிக்கையில் இவற்றைப் பள்ளிக் கல்வித்துறையோடு இணைக்கப்போவதாக அரசு அறிவித்தது. நாங்குநேரிக் கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் தந்த அறிக்கையில், பள்ளிகளின் பெயரில் உள்ள சாதி அடையாளத்தை எடுக்க வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நிர்வாகத்தின் கீழ் கொண்டுவர வேண்டும் என்றது. இணைப்பு வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் நம்மிடையே உண்டு. அந்த விவாதம் நடக்கட்டும். விவாதம் முடியும்வரை கூரை ஒழுகாமல் நிற்காது. அந்த இடைவெளியில்தான் வெளி நிறுவனம் வந்து நிற்கிறது.

எங்கள் மாவட்டத்தில் நாங்கள் போய்ப் பார்த்த ஒரு தொடக்கப் பள்ளியைச் சொல்கிறோம். ஐந்து வகுப்பு, இரண்டு ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டமே 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. ஒரு நிறுவனம் அங்கே ஸ்மார்ட் போர்டு மாட்டிக் கொடுத்தது, சுவருக்கு வண்ணம் பூசியது. சுவரில் பள்ளியின் பெயரைவிட நிறுவனத்தின் பெயர் பெரியது. போர்டை இயக்கக் கற்றுக்கொள்ள ஓர் ஆசிரியரைப் பயிற்சிக்கு அழைத்தார்கள். அந்த நாட்களில் பள்ளியில் மிஞ்சியது ஓர் ஆசிரியர், ஐந்து வகுப்பு. ஒரு தாய் எங்களிடம் கேட்டார்: "போர்டு நல்லாத்தான் இருக்குது. பாடம் நடத்த ஆள் எப்ப வரும்?" கொடுத்தவர்களிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அந்தத் தாயிடம் யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' என்பதற்குள் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது.

ஆல்காட்டுக்குப் பின்னால் வந்தவர்

நம் மக்களின் பள்ளிக்கூடம் தொடக்கத்திலிருந்தே வெளியார் கைபட்டு வளர்ந்ததுதான். கிறித்தவ மிஷன்கள் சேரிக்குள் பள்ளி வைத்தன. 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை பிறப்பித்தது. அடுத்த ஆண்டு, பிரம்மஞான சபையின் தலைவரான அமெரிக்கர் ஆல்காட் அடையாறில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு மேலும் சில பள்ளிகள் வந்தன. ஒன்றுக்குத் திருவள்ளுவர் பெயர். அயோத்திதாசப் பண்டிதர் ஆல்காட்டோடு 1898இல் இலங்கைக்குச் சென்று பௌத்தம் ஏற்றார். அந்தத் துணையை நாம் நன்றியோடுதான் நினைக்கிறோம்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஆல்காட் 1907இல் மறைந்தார். சபையின் தலைமைக்கு அன்னி பெசன்ட் வந்தார். 1909இல் அவர் 'இந்தியன் ரிவியூ' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பறையில் நெருங்கி உட்கார வைக்கக் கூடாது, அவர்களுடைய உடல் தூய்மையடையத் தலைமுறைகள் ஆகும் என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட தம் நூலில் அந்தக் கட்டுரையை எடுத்துக்காட்டிப் பதிவு செய்திருக்கிறார். அதே சபை, இடையில் இரண்டே ஆண்டு. மாறியது தலைவர் மட்டும். பிள்ளைகளின் பெற்றோர் அந்தத் தலைவரைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை, அவரிடம் விளக்கம் கேட்கவும் வழியில்லை.

நல்ல மனிதரை நம்பிப் பள்ளியை ஒப்படைத்தால், அவருக்குப் பின்னால் வருகிறவர் யார் என்பது நம் கையில் இல்லை. இன்றைய நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். இயக்குநர் மாறுவார், நிதி கொடுப்பவர் மாறுவார், மூன்றாண்டுத் திட்டம் முடியும், அடுத்த ஆண்டு அவர்களுடைய அக்கறை வேறு மாநிலத்துக்குப் போகும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் சிதம்பரத்தை வையுங்கள். 1916இல் சுவாமி சகஜானந்தர் அங்கே நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். அவரும் வெளியாரிடம் நன்கொடை வாங்கினார். ஆனால் பள்ளியின் சாவி நம் கையில் இருந்தது. யாரைச் சேர்ப்பது, என்ன கற்பிப்பது என்று முடிவெடுத்தவர் நம்மில் ஒருவர். அந்தப் பள்ளி பிற்பாடு அரசுப் பள்ளியாகி இன்றும் நடக்கிறது. வெளியார் பணம் கெடுதல் செய்யவில்லை, ஏனென்றால் பணம் கொடுத்தவர் முடிவெடுக்கவில்லை.

1932இல் கேட்கப்பட்ட இடம்

இந்த வேறுபாட்டை அண்ணலைவிடத் தெளிவாகக் கண்டவர் இல்லை. பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு 1932இல் காந்தியார் முன்னின்று ஓர் அமைப்பை உருவாக்கினார். பின்னாளில் அதுவே ஹரிஜன சேவா சங்கம். பள்ளி, விடுதி, உதவித்தொகை எல்லாம் அதன் வேலைத்திட்டத்தில் இருந்தன. அந்த ஆண்டு நவம்பரில், இங்கிலாந்துக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், சங்கத்தின் செயலாளர் தக்கருக்கு நீண்ட கடிதம் எழுதினார். தனிமனிதர்களைத் திருத்துவதைவிட்டு மக்களின் உரிமைகளுக்காக வேலை செய்யுங்கள், வேலை செய்கிறவர்களைத் தீண்டாதார் நடுவிலிருந்தே எடுங்கள் என்று கேட்டார். அந்தக் கடிதத்துக்குப் பதிலே வரவில்லை.

நிர்வாகத்தில் நம் மக்களுக்கு ஏன் இடமில்லை என்ற கேள்விக்குக் காந்தியார் தந்த விளக்கம் இன்னும் முக்கியமானது. சங்கம் சாதி இந்துக்கள் தங்கள் பாவத்துக்குப் பரிகாரம் செய்ய அமைத்தது, கடன்பட்டவர்கள் கடனைத் தீர்க்கிறார்கள், ஆகவே அதை நடத்த வேண்டியவர்கள் அவர்களே என்றார். கடன் என்று ஒப்புக்கொண்டபின், எவ்வளவு, எப்போது, எந்த வடிவில் தீர்ப்பது என்பதைக் கடன் வாங்கியவரே முடிவு செய்வது எந்த ஊர்க் கணக்கு?

இன்றைய சமூகப் பொறுப்பு நிதியின் சொல்முறையும் இதுதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வருமானமோ சொத்தோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் முதல் இது நடைமுறை. எங்கே செலவிடுவது என்று முடிவெடுப்பது கம்பெனியின் குழு. தான் இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரச் சட்டமும் சொல்கிறது. ஆலை உள்ள இடத்தில் பள்ளிக்குக் கழிவறை கிடைக்கும். ஆலையே இல்லாத வட்டாரத்தில், வயல்காட்டுக்கு அப்பால் கிடக்கும் காலனிப் பள்ளிக்கு யார் வருவார்?

மறுபக்கம் நமக்கென்று ஒரு பங்கு இருக்கிறது. 2011 கணக்கெடுப்புப்படி இந்த மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. அந்த விகிதத்தில் திட்ட நிதி ஒதுக்கித் தனியே செலவிட வேண்டும் என்பது துணைத் திட்டத்தின் அடிப்படை. 2024இல் இதற்கென்று தமிழ்நாடு சட்டமே இயற்றியது. நன்கொடைக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. பங்குக்குக் கணக்குக் கேட்கலாம். பங்கைக் கேட்காமல் நன்கொடைக்கு மட்டும் கை தட்டினால், நம் பணம் எங்கே போனது என்ற கேள்வியைப் புதுச் சுவர்ப்பூச்சு மறைத்துவிடும்.

வெளி என்பது எது?

வெளி நிறுவனம் என்று சொல்லும்போது நாம் இன்னொன்றையும் கேட்க வேண்டும். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்று 2022 டிசம்பரில் அரசு ஒரு திட்டம் தொடங்கியது. கம்பெனிகளும் முன்னாள் மாணவர்களும் ஊராரும் அரசுப் பள்ளிகளுக்குப் பொருளும் உழைப்பும் தர வழி செய்வது நோக்கம். காமராசர் காலத்தில் நெ.து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளும் இந்த வகைதான். மக்கள் கொடுத்த மரமும் பலகையும் நிலமும் எத்தனையோ பள்ளிகளை நிமிர்த்தின. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் 'ஊர்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் காது கூர்மையாகிவிடுகிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்து வைத்த நிலத்தில் 'நம்ம ஊரு' என்று சொன்னால் அந்த 'நம்ம'வுக்குள் யார்? ஊரிலிருந்து பள்ளிக்கு வரும் கொடையாளர் சேரிக்கு உள்ளாரா, வெளியாரா? 2018இல் அவிநாசி வட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அரசுப் பள்ளியில் சத்துணவு சமைக்க வந்த அருந்ததியப் பெண்ணைச் சமைக்கவிடாமல் தடுத்தவர்கள் யாரோ வெளிநாட்டு நிறுவனத்தார் அல்ல, அதே ஊர்க்காரர்கள். அதிகாரிகள் முதலில் செய்தது அந்தப் பெண்ணையே இடம் மாற்றியதுதான்.

ஆகவே அரசு நல்லது, வெளியார் கெட்டவர் என்று நாம் பேசவில்லை. அரசு அலுவலகத்தின் நாற்காலியிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. இருந்தும் அந்த நிகழ்வில் அடுத்து என்ன நடந்தது? போராட்டம் எழுந்தது. இடமாற்ற ஆணை திரும்பப் பெறப்பட்டது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி நீதிமன்றத்துக்குப் போனது. ஏன் முடிந்தது? அது அரசுப் பணி, அரசுப் பள்ளி. ஆணைக்கு ஓர் எண் உண்டு, அதில் கையெழுத்திட்டவருக்கு ஒரு மேலதிகாரி உண்டு. நாம் பிடித்து இழுக்க ஒரு பிடி இருந்தது.

அந்தப் 'பிடி' என்பதைத்தான் இந்த உரையின் மையமாக வைக்கிறோம். மனு, தகவல் அறியும் உரிமை, ஆணையம், நீதிமன்றம், வாக்கு. நம்மைப் போன்றவர்களுக்கு அரசுப் பள்ளியின் மேல் இருக்கும் பிடிகள் இவை. துருப்பிடித்தவை, சில நேரம் கையைக் கிழிப்பவை. ஆனாலும் இருக்கின்றன. ஒரு வேலையை அரசின் கையிலிருந்து எடுத்து நிறுவனத்திடம் கொடுக்கும்போது இந்தப் பிடிகளும் கூடவே போகின்றனவா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் போவதில்லை.

பிடி இல்லாத இடத்தில் நடப்பது

உலகில் இது நடந்த இரண்டு இடங்களைப் பார்ப்போம். முதலாவது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ், கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் நகரம். 2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல் அடித்தபின், நகரத்தின் பெரும்பாலான பள்ளிகளை மாநில அரசு எடுத்துக்கொண்டு, படிப்படியாகத் தனி அமைப்புகளிடம் நடத்தக் கொடுத்தது. 7,000க்கும் மேற்பட்ட பள்ளிப் பணியாளர்கள் ஒரேயடியாக வேலை இழந்தார்கள். தேர்வு மதிப்பெண்கள் உயர்ந்தன, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 2005இல் ஆசிரியர்களில் 71 விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் 2014இல் பாதிக்கும் கீழே இறங்கினர். தலைமுறையாகக் கறுப்பின நடுத்தரக் குடும்பங்களைத் தாங்கி நின்ற வேலை அது. 2018இல்தான் பள்ளிகளின் மேற்பார்வை நகர மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் வாரியத்துக்குத் திரும்பியது.

நமக்கு இது நேராகப் புரியும். நம்மில் எத்தனை குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் ஆசிரியர் வேலையால் வந்தது? 18 விழுக்காடு பட்டியல் சாதியினர், அதற்குள் அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1 என்று வரிசை வைத்து நிரப்பப்படும் வேலை அது. வெளி நிறுவனம் அனுப்பும் பயிற்றுநருக்கும் ஒருங்கிணைப்பாளருக்கும் இந்த வரிசை உண்டா? அங்கே இனச்சுழற்சி கிடையாது. ஆங்கிலம் பேசத் தெரிந்தவர், பெருநகரக் கல்லூரியில் படித்தவர், ஆள் தெரிந்தவர் என்று எடுப்பார்கள். இடஒதுக்கீட்டை எதிர்த்து யாரும் ஒரு சொல் பேச வேண்டாம். வேலையை வேறு பெயருக்கு மாற்றினால் போதும்.

இரண்டாவது ஆப்பிரிக்காவின் லைபீரியா. 2016இல் அந்நாட்டு அரசு 93 தொடக்கப் பள்ளிகளை எட்டு அமைப்புகளிடம் நடத்தக் கொடுத்தது. ஓராண்டுக்குப் பிறகு நடந்த ஆய்வில், அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் கற்றலில் முன்னேறியிருந்தார்கள். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. வகுப்புக்கு இவ்வளவு பேர்தான் என்று வரம்பு வைத்து மிகுதிப் பிள்ளைகளைச் சில இடங்களில் வெளியே அனுப்பியிருந்தார்கள். பிடிக்காத ஆசிரியர்களை வேறு அரசுப் பள்ளிகளுக்குத் தள்ளியிருந்தார்கள். ஒப்பந்தம் தடுக்காததெல்லாம் நடந்தது. வெளியே போகும் பிள்ளை யாராக இருக்கும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 2024இல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் ஊக்கவுரை என்ற பெயரில் வெளி அமைப்பைச் சேர்ந்த ஒருவர் பேசினார். உடல் குறையோடு பிறப்பதும் வறுமையில் பிறப்பதும் முற்பிறவிப் பயன் என்ற பொருளில் பேசினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஓர் ஆசிரியர் அங்கேயே எழுந்து கேள்வி கேட்டார். காணொளி பரவியது, பேசியவர் கைதானார். முற்பிறவிப் பயன் என்ற கருத்து நமக்கு எந்தக் காலத்தில் எதற்காகச் சொல்லப்பட்டது என்பது இந்த அரங்கில் எல்லோருக்கும் தெரியும். நாம் கவனிக்க வேண்டியது அந்த ஆசிரியரை. அவர் அரசு ஊழியர். அதே இடத்தில் ஆறு மாத ஒப்பந்தத்தில் வந்த ஓர் ஊழியர் இருந்திருந்தால், தன்னை வேலைக்கு அமர்த்தியவர் அழைத்துவந்த பேச்சாளரை எதிர்த்து எழுந்திருப்பாரா?

துணை துணையாக நின்ற கதை

நன்றாக நடந்ததையும் சொல்ல வேண்டும். 2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் அட்டைகளைக் கொண்டு தங்கள் வேகத்தில் கற்கும் அந்த முறை ஆந்திரத்தின் ரிஷிவேலியில் சிற்றூர்ப் பள்ளிகளுக்காக உருவானது. மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துக் கற்றார்கள், திரும்பிவந்து தமிழில் அட்டைகளைத் தயாரித்தார்கள். 2007ஐ ஒட்டி அது மாநிலம் முழுதும் தொடக்க வகுப்புகளுக்குப் போனது. அந்த முறையின் நிறைகுறைகள் பற்றி ஆசிரியர்களிடையே இன்றும் வாதம் உண்டு. நாம் சுட்டுவது அது வந்த வழியை. அறிவு வெளியிலிருந்து வந்தது, கற்றுக்கொண்டவர் அரசு ஆசிரியர், நடத்தியது அரசு. பள்ளி யாருடையது என்ற குழப்பம் வரவில்லை. குறை இருந்தால் யாரைக் கேட்பது என்ற குழப்பமும் வரவில்லை.

காலை உணவுத் திட்டத்தையும் எண்ணிப் பாருங்கள். 2020இல் சென்னையில் காலை உணவைச் சமய அடிப்படையிலான ஓர் அறக்கட்டளை வழங்கும் ஏற்பாடு பேசப்பட்டது. வெங்காயமும் பூண்டும் இல்லாத சமையல் யாருடைய சமையல் என்ற கேள்வி எழுந்தது. 2022 செப்டம்பரில் அரசு தானே 1,545 பள்ளிகளில் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரித்தது. பல இடங்களில் சமைப்பவர்கள் மகளிர் குழுப் பெண்கள். வெளியாரால்தான் முடியும் என்று சொல்லப்பட்ட வேலையை அரசு மனம் வைத்தால் செய்ய முடியும் என்பதற்கு இது சான்று.

நாம் கேட்பவை

ஆகவே வெளி நிறுவனம் வரலாம். நம் நிபந்தனைகளோடு வரட்டும்.

முதலாவது, ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவுப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதி பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதப்படி இடம். குழு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். இதில் அரசுக்குச் சங்கடம் இருக்கத் தேவையில்லை. பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்திட்டால்தான் நிதி என்று ஒன்றிய அரசு சொன்னபோது, 2,152 கோடி ரூபாய் நின்றுபோனாலும் கையெழுத்திட மாட்டோம் என்றது தமிழ்நாடு அரசு. பணம் தருபவரின் நிபந்தனையை மறுக்கும் உரிமை மாநிலத்துக்கு இருக்கிறது என்றால், காலனிப் பள்ளியின் பெற்றோருக்கும் இருக்கிறது.

இரண்டாவது, ஆசிரியர் இடம் ஆசிரியராலேயே நிரப்பப்பட வேண்டும். அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் 10 விழுக்காட்டுக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது. காலியிடத்தைத் தன்னார்வலரைக் காட்டி மறைக்கக் கூடாது.

மூன்றாவது, நிறுவனம் ஊதியம் கொடுத்து வைக்கும் ஆட்களில் அரசின் இடஒதுக்கீட்டு விகிதம் இருக்க வேண்டும். பள்ளியைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் பட்டம் படித்துவிட்டு வேலையில்லாமல் இருக்கும் நம் பெண்களுக்கு முதலிடம் தர வேண்டும். 1932இல் கேட்டதையே மறுபடி கேட்கிறோம்.

நான்காவது, பிடி. அரசிடமிருந்து கணிசமாக நிதியுதவி பெறும் தன்னார்வ நிறுவனங்களும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வரும் என்று 2019இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சொந்தப் பணத்தோடு வருகிறவர் இந்த வலைக்குள் வராமல் போகலாம். ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்: கணக்கைக் காட்டுவோம், புகாருக்கு இத்தனை நாளில் பதில் தருவோம், எங்கள் ஆள் சாதி பார்த்தால் துறை எங்களை வெளியேற்றலாம்.

ஐந்தாவது, பிள்ளைகளின் மானம். கிழிந்த சட்டையோடு படம் எடுத்து ஆண்டறிக்கையில் போடக் கூடாது. சுவரில் பள்ளியின் பெயருக்கு மேல் எந்தப் பெயரும் வரக் கூடாது. என்ன கற்பிக்கிறார்கள் என்பதை ஆசிரியர்களும் பெற்றோரும் முன்கூட்டிப் பார்க்க வேண்டும்.

ஆறாவது, முடியும் நாள். எந்தத் தேதியில் வேலையை அரசு ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறுவார்கள் என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டும்.

மாணவ நண்பர்களுக்கு

உங்களிடம் மூன்று வேலைகளை ஒப்படைக்கிறோம். விடுமுறைக்கு வீட்டுக்குப் போகும்போது உங்கள் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். உறுப்பினர் என்று பெயர் இருந்தும் கூட்டத்துக்கு அழைக்கப்படாத தாய்மார்கள் இருந்தால் அவர்களோடு கூட்டத்துக்குப் போங்கள். வெளியே உட்கார்ந்திருந்தாலும் போதும், அவர்களுக்குத் தெம்பு வரும்.

அடுத்து, பள்ளியில் ஏதாவது நிறுவனம் வேலை செய்தால் துறைக்குத் தகவல் உரிமை மனு எழுதுங்கள். ஒப்பந்தத்தின் நகல், காலாவதி நாள், அனுமதிக்கப்பட்ட ஆசிரியர் பணியிடம் எத்தனை, காலி எத்தனை என்ற நான்கு கேள்விகள் போதும். பத்து ரூபாய்க் கட்டணம்.

மூன்றாவது, வந்த விடையைத் தமிழில் எளிமையாக எழுதி, பெற்றோருக்கு வாசித்துக் காட்டுங்கள். சமூகவியல் வகுப்பில் நாம் படித்த அதிகாரம், பங்கேற்பு போன்ற சொற்களுக்கு அங்கேதான் பொருள் விளங்கும். எழுத்தாளர்களாகிய நமக்கும் இது எழுத்து வேலைதான். நம் இலக்கியம் பள்ளிக்கூடத்தில் பட்ட அவமானத்தை நிறைய எழுதிவிட்டது. அந்தப் பள்ளியின் வரவுசெலவையும் இனி நாம் எழுத வேண்டும்.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. யார் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து வாங்கும் வரை நாம் ஓய முடியாது.